பருவம் பார்த்த அத்தான்

அத்தானுடன் ஒருதடவை பஸ்ஸில் பயணம் போனவர்கள் மறுதடவை அவரோடு புறப்பட மாட்டார்கள். பஸ் நிலையத்துக்கு எல்லாருக்கும் முன்னதாக எங்களைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். பஸ் வரும். ஏறப் போவோம். கையை நீட்டித் தடுப்பார்.

"பொறு தம்பி. இதில சனம் கூட. அடுத்ததில ஏறுவம்."

அடுத்த பஸ்ஸில் சனம் இராது. ஆனால் டயர் தேய்ந்திருக்கும். அதற்கடுத்ததில் டயர் நன்றாக இருக்கும், வெயில் விழாத பக்கத்தில் இடம் இராது. அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருப்பாள். ஆரம்பத்தில் அவள் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழும்பி எழும்பி உட்கார்ந்தவள். பிறகு எழும்புவதை விட்டுவிட்டாள். அத்தான் "வாரும்" என்று சொன்ன பிறகுதான் எழும்புவாள்.

அவர் என் அக்காவின் கணவர். வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் திருகோணமலைக் கடற்படை டொக்யாட்டில் ஸ்டோர் கிளார்க்காகச் சேர்ந்தவர். வெள்ளைக்காரக் கடற்படை மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு, தேயிலைக் கப்பல்களின் அலுவல் பார்க்கிற ஒரு கந்தோரில் தலைமைக் கிளார்க் ஆனார். ஒரு ஆணி குறைந்தாலும் கப்பலைக் கடலுக்கு விடக்கூடாது, நடுக்கடலில் கடை இல்லை என்பது டொக்யாட்டில் அவருக்குள் ஊறிப்போன பாடம். கரையில் வாழ்கிற எங்களையும் அவர் அந்தப் பாடத்தின்படியே நடத்தினார்.

எனக்கு அரசாங்கக் கச்சேரியில் முதல் நியமனம் கிடைத்தபோது உவர்மலையில் அவர்கள் வீட்டில்தான் தங்கினேன். கலியாணம் முடித்துத் தனி வீடு போகும்வரை அங்கேதான் சாப்பாடு, படுக்கை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. விறாந்தையில் நின்றால் உள்துறைமுகம் முழுவதும் தெரியும். எந்தக் கப்பல் வருகிறது, எது போகிறது என்று அக்காவுக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது. ஒரு கப்பலிலும் அவள் கால் வைத்ததில்லை.

ஆபிரிக்கா அந்த வீட்டுக்குள் வந்தது அக்காவால். இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிற்காலத்தில் ஊரில் எல்லாரும் அதை அத்தானின் ஆசை என்றே நினைத்தார்கள். அக்காவுடன் ஒன்றாகப் படித்தவள் புவனம். அவளுடைய கணவருக்கு மொம்பாசாவில் ஆசிரியர் வேலை கிடைத்து இருவரும் கென்யாவுக்குப் போய்விட்டார்கள். போய்ச் சில மாதங்களில் கடிதத்தோடு ஒரு படம் அனுப்பியிருந்தாள். அக்கா அதைப் பார்த்தபோது குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திருவலையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"தம்பி, இஞ்ச பார். யானையெல்லாம் செங்கல் நிறம்! அந்த ஊர் மண்ணை அள்ளி அள்ளி மேல போட்டு அப்பிடி வந்ததாம். சாவோ எண்டு பெரிய காடாம். ரயிலில போற தூரமாம். வீடு இருக்கு, ஜீப் இருக்கு, ரெண்டுபேரும் வாங்கோ, பள்ளிக்கூட லீவோட காட்டுக்குப் போவம் எண்டு கூப்பிட்டிருக்கிறாள்."

அன்று பின்னேரம் அத்தான் கந்தோரால் வந்ததும் அக்கா கேட்டாள். அவர் படத்தை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரித்தார்.

"நல்ல யோசினை. பாத்துச் செய்வம்."

அக்கா அன்றைக்குப் பாயசம் வைத்தாள். சம்மதம் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டார் "என்ன, சாவுக்கோ போறியள்?" என்று பகிடி பண்ணினார்கள். அத்தானுக்கு அந்தப் பகிடி பிடிக்கவில்லை. அவர் காரியத்தில் இறங்கிவிட்டிருந்தார். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களில் ஆபிரிக்கக் கரையோரம் போய் வந்த மாலுமி ஒருவனைக்கூட அவர் சும்மா விடவில்லை. எந்த மாதம் மழை, எந்த மாதம் காற்று, எப்போது புல் கருகும், எப்போது யானை ஆற்றங்கரைக்கு வரும் என்று விசாரித்தார். ஹோல் சுவரில் ஆபிரிக்காவின் தேசப்படம் ஒன்று தொங்கியது. நாங்கள் அதன் கீழே இருந்துதான் சோறு சாப்பிட்டோம். சிங்கம் எவ்வளவு நேரம் நித்திரை கொள்ளும், நீர்யானை எந்த நேரத்தில் கரையேறும், காண்டாமிருகத்துக்குக் கண் எவ்வளவு மட்டமாகத் தெரியும் என்பதெல்லாம் எங்களுக்குப் பாடமாகிவிட்டது.

அக்காவைச் சப்பாத்துப் போட்டு நடக்கப் பழக்கினார். உவர்மலை ஏற்றத்தில் சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஆண்பிள்ளைச் சப்பாத்தோடு அவள் ஏறுவதைச் சனம் படலையில் நின்று பார்த்தது. பிறகு, மிருகங்களுக்குக் கண்ணைக் குத்தும் நிறம் ஆகாது என்று யாரோ மாலுமி சொல்லிவிட்டான். அத்தான் சேலைக் கடைக்குப் போய் மண் நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் சேலைகள் எடுத்து வந்தார். காட்டில் புதுச் சேலை சரசரக்கும், இப்போதே கட்டிப் பழசாக்க வேண்டும் என்றார். மஞ்சள் என்றால் உயிரை விடுகிற அக்கா வருடக்கணக்காக அந்தச் சேலைகளையே கட்டினாள். கோணேசர் கோயிலில் ஒரு மனுசி அவளை நிறுத்தி, "என்ன பிள்ளை, வீட்டில ஏதும் இழவோ?" என்று கேட்டாள்.

"இல்லை அன்ரி. மஞ்சள் கட்டினா சிங்கம் கோவிக்குமாம்" என்றாள் அக்கா.

அப்போது அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அத்தான் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. குடியில்லை, கை ஓங்கியதில்லை, குரல்கூட உயர்த்தியதில்லை. அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்திலேயே இருந்து நெற்றிக்குத் துணி நனைத்துப் போடுவார். அவருடன் சண்டை பிடிக்க ஒரு பிடியும் கிடைக்காது. அதுதான் அந்த வீட்டின் கஷ்டம்.

அதோடு, அவர் சொன்னது சரியாய்ப் போன நாளும் ஒன்று இருந்தது. அறுபத்து நாலாம் ஆண்டு மார்கழிப் புயலை அனுபவித்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. அன்று காலையிலேயே அத்தான் கந்தோருக்குப் போகாமல் விறாந்தையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூரையின் மேல் ஏறிக் கப்பல் கயிறுகளால் வளைகளை இழுத்துக் கட்டினார். அந்தக் கயிறு, மண்ணெண்ணெய், பிஸ்கட் தகரம், கோடரி, மருந்துச் சாமான் எல்லாம் ஏதாவது ஒரு நாளுக்கு என்று அவர் சேர்த்து வைத்திருந்தவை. அயலில் ஒவ்வொரு வீடாகப் போய், "பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு இஞ்ச வாங்கோ" என்று கூப்பிட்டார். சிலர் சிரித்தார்கள். இருட்டுவதற்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள். விடிந்தபோது அந்தத் தெருவில் கூரையோடு நின்றது எங்கள் வீடுதான். தென்னைகள் முறிந்து கிடந்த தெருவில் நின்று ஒரு கிழவர் அத்தானைக் கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா குசினியில் பெரிய பானையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டே அவரைப் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெருமையில் அவள் முகம் சிவந்திருந்தது.

நானும் அன்றைக்குப் பெருமைப்பட்டேன். ஆனால் புயலுக்கு முந்தி அக்கா அவரோடு சில வேளை எதிர்த்துக் கதைப்பாள். "எல்லாத்துக்கும் பொறு பொறு எண்டா எப்பதான் செய்யிறது?" என்று கேட்பாள். புயலுக்குப் பிறகு அப்படிக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டாலும் ஊர் அவள் பக்கம் நிற்காது. அவர் பொறு என்றால் அதில் ஒரு அர்த்தம் இருக்கும் என்று எல்லாருமே நம்பத் தொடங்கிவிட்டார்கள்.

சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்த காலம் வந்தது. ஐரோப்பா போகிற கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றித்தான் போக வேண்டும். அப்படித் தேயிலை ஏற்ற வந்த ஒரு கப்பலில் மாலுமி ஒருவன் கடும் வருத்தமாகிவிட, அத்தான் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்து, கூட இருந்து பார்த்து, கப்பல் புறப்படுவதற்குள் சுகமாக்கித் திருப்பி அனுப்பினார். கப்டன் கிரேக்க நாட்டுக்காரன். நன்றி சொல்ல வீட்டுக்கு வந்தவன், சுவரில் ஆபிரிக்கப் படத்தைக் கண்டான். விசயம் கேட்டான். கப்பலில் ஒரு நல்ல கபின் சும்மா கிடக்கிறது, மொம்பாசாவில் நிற்கத்தான் போகிறேன், புருசனும் பெண்சாதியும் என் விருந்தாளியாக வாருங்கள் என்றான்.

அக்கா இரண்டு நாளில் எல்லாம் கட்டிவிட்டாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள என்னையும் என் மனைவியையும் வந்திருக்கச் சொன்னாள். புறப்படும் நாள் மத்தியானம் கிண்ணியாவைச் சேர்ந்த லாஞ்சிக்காரர் ஒருவர் அவர்களைக் கப்பலில் ஏற்ற வந்து நின்றார். அண்ணன் என்ற முறையில் நாங்கள் அவரைக் காக்கா என்று கூப்பிடுவோம். அக்கா பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஹோல் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். அத்தான் நீளக் காற்சட்டை, சப்பாத்து எல்லாம் போட்டுத் தயாராகச் சுவர்ப் படத்தின் முன்னால் நின்றார். வெகுநேரம் நின்றார்.

"இஞ்சேரும்" என்றார். "இப்ப வெளிக்கிட்டா சித்திரையில போய்ச் சேருவம். அங்க பெருமழை பிடிக்கிற நேரம். புல்லு ஆளுயரம் நிக்கும். எல்லா இடமும் தண்ணி கிடந்தா மிருகம் ஆத்தங்கரைக்கு வராது. போயும் ஒண்டும் காணேலாது."

"புவனம் இருக்கிறாள்தானே. மழை விடுமட்டும் அவளோட இருப்பம்."

"ஆரோ ஒருத்தரின்ர வீட்டில மாசக் கணக்கில இருக்கிறதே?"

"எவ்வளவு காலமெண்டாலும் இருங்கோ எண்டுதானே கூப்பிட்டவள்."

"கந்தோரில லீவு?"

"நீங்கள் இவ்வளவு வருசத்தில ஒரு லீவும் எடுக்கேல்லை. எல்லாம் அப்பிடியே கிடக்கு."

அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. எத்தனை நாளாக அவற்றை மனதுக்குள் தயார் பண்ணியிருந்தாளோ. அத்தான் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"அடுத்த வருசம் ஆடியில போனா எல்லாம் வடிவா அமையும். இவ்வளவு காலம் பொறுத்திட்டம். அவசரப்பட்டுக் கெடுக்கக் கூடாது."

"எனக்கு யானை காணாட்டிலும் பரவாயில்லை" என்றாள் அக்கா. "இந்தக் கடலை ஒருக்காத் தாண்டவேணும். அவ்வளவுதான். வேற ஒண்டும் வேண்டாம்."

அத்தானுக்கு அது விளங்கவில்லை. "யானை பாக்காட்டி பேந்து ஏன் போறது?" என்று கேட்டார். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

காக்கா வாசலில் வந்து நின்றார். "ஐயா, துறைமுகப் பைலட் கப்பல்ல ஏறிட்டாரு. நங்கூரம் தூக்கப் போறாங்க. வாறீங்களா?"

"கப்டனுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ காக்கா. இது பருவம் இல்லை. இன்னொருக்காப் பாப்பம் எண்டு சொல்லுங்கோ."

காக்கா அவரைப் பார்க்கவில்லை. கதிரையில் இருந்த அக்காவைப் பார்த்தார். "தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா எழும்பி உள்ளே போனாள். சேலையை மாற்றிக்கொண்டு குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினாள். என் மனைவி பின்னால் போய், "நான் சமைக்கிறன் மச்சாள், நீங்கள் இருங்கோ" என்றதற்கு, "இல்லைப் பிள்ளை, ராவைக்கு ஒண்டும் வைக்கேல்லை. போறம் எண்டு எல்லாச் சட்டியும் கழுவிக் கவுட்டுட்டன்" என்றாளாம்.

பின்னேரம் கப்பல் துறைமுக வாயைத் தாண்டிப் போனது. அக்கா விறாந்தைக்கு வரவில்லை. அத்தான் வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"பார் தம்பி, ஒரு பக்கம் சரிஞ்சல்லோ போகுது. சாமான் ஏத்தினது சரியில்லை" என்றார்.

அடுத்த ஆடியில் அவர்கள் போகவில்லை. அதற்கு என்ன காரணம் சொன்னார் என்பது எனக்கு ஞாபகமில்லை. காரணம் இருந்திருக்கும்.

இடையில் ஒருமுறை கண்டியில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டு மூவரும் பஸ்ஸில் திரும்பி வந்தோம். கந்தளாயில் குளக்கட்டுப் பக்கமாக யானைக் கூட்டம் ஒன்று வீதியைக் கடந்துகொண்டிருந்தது. பஸ் நின்றது. சாரதி எஞ்சினை நிறுத்தி, "சத்தம் போடாதீங்கோ" என்றான். குட்டி ஒன்று தாயின் வயிற்றுக்குக் கீழே ஓடி ஓடி வந்தது. அக்கா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டு எவ்வளவோ காலம்.

அத்தான் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "உது சின்ன இனம். ஆபிரிக்க யானையின்ர காதில பாதிதான் உதின்ர காது. முதுகும் வேற மாதிரி..."

"இப்ப கொஞ்சம் சும்மா இருங்கோவன்!"

பஸ் முழுக்கக் கேட்டது. யானைகள்கூட ஒருகணம் நின்றன. அத்தான் அவமானப்பட்டதாகத் தெரியவில்லை. சத்தம் போட்டால் யானை மிரளும் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தன் இருக்கையில் சாய்ந்துகொண்டார்.

புவனம் ஒருதடவை விடுமுறையில் ஊருக்கு வந்தாள். உவர்மலை வீட்டில் சாப்பாடு. அவள் சொன்ன கதையில் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. சாவோவில் மழை பொய்த்துப் பெரிய வறட்சியாம். செங்கல் நிற யானைகள் ஆற்றங்கரையிலேயே கூட்டம் கூட்டமாக விழுந்து செத்தனவாம். மிச்சம் இருப்பதைத் தந்தத்துக்காகச் சுட்டுக்கொண்டிருக்கிறார்களாம்.

"இனியும் பொறுத்தா எலும்புதான் பாப்பீங்கள் அண்ணை" என்றாள் அத்தானிடம். "உங்களுக்கு ஏலாட்டி இவளை என்னோட அனுப்புங்கோ. நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, திருப்பி அனுப்புறன்."

அக்கா கறிச் சட்டியோடு நின்றவள் அப்படியே நின்றாள். அத்தான் கையைக் கழுவினார். துவாயில் துடைத்தார்.

"அனுப்ப எனக்கு விருப்பம்தான் புவனம். ஆனா பாஸ்போட் ரெண்டுபேருக்கும் ஒண்டல்லோ."

அப்போதுதான் எனக்கே அது தெரியும். புருசன் பெண்சாதி இருவரையும் ஒரே பாஸ்போட்டில் போடுகிற வழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது. தொடக்கத்திலேயே அத்தான் அப்படி ஒன்று எடுத்து வைத்திருந்தார். அவருடைய படத்துக்குப் பக்கத்தில் அக்காவின் படம். அவர் போனால் அவள் போகலாம். அவள் தனியே போக அது உதவாது.

"அப்ப இவளுக்குப் புதிசா ஒண்டு எடுங்கோவன்."

"ஓம் ஓம். எடுக்கத்தான் வேணும். பாத்துச் செய்வம்."

ஸ்டூடியோவில் படம் எடுத்தார்கள். ஒரு காது தெரியவில்லை என்று அத்தான் சொன்னார். மறுபடி எடுத்தார்கள். பின்னால் நிழல் விழுந்திருக்கிறது என்றார். மூன்றாவது படம் எடுக்கிற பேச்சு நடந்துகொண்டிருந்தபோது புவனத்தின் விடுமுறை முடிந்துவிட்டது.

அவள் போன கிழமை அக்கா அலுமாரியைத் திறந்து, மண் நிறச் சேலைகள் எல்லாவற்றையும் எடுத்து, சாம்பல்தீவிலிருந்து மீன் கொண்டுவருகிற மனுசிக்குக் கொடுத்துவிட்டாள். அத்தான் கேட்டதற்கு, "நல்லாப் பழசாப் போச்சு. இனிச் சரசரக்காது" என்றாள். அதன் பிறகு வெளியாட்களுக்கு முன்னால் அந்தப் பயணத்தைப் பற்றி அவள் வாய் திறந்ததை நான் கேட்டதில்லை. அந்த ஒருநாளைத் தவிர.

அது பட்டண மண்டபத்தில் கூட்டம் நடந்த நாள். புவனம் தான் எடுத்த ஸ்லைடுகள் கொஞ்சத்தை அத்தானிடம் விட்டுப் போயிருந்தாள். அத்தானின் ஆபிரிக்க அறிவு அப்போது ஊர் முழுவதும் பிரசித்தம். வாசிகசாலைக்காரர் "ஆபிரிக்கக் காட்டில் ஒரு பயணம்" என்று போட்டு அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். மண்டபம் நிறைந்துவிட்டது. விளக்கை அணைத்து ஸ்லைடுகளைப் போட்டார்கள். அத்தான் கையில் ஒரு பிரம்போடு நின்று பேசினார். நன்றாகவே பேசினார். "விடியமுந்தி நாங்கள் புறப்படுகிறோம். பனி இருக்கிறது. ஜீப்பை மெதுவாக விடுகிறோம். இதோ, இடப்பக்கம் பாருங்கள்" என்று அவர் சொன்னபோது சனம் முழுவதும் இடப்பக்கம் திரும்பியது. நானும் திரும்பினேன்.

விளக்குப் போட்டதும் கைதட்டல். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து, "நீங்கள் எப்ப அங்க போனனீங்கள்?" என்று கேட்டார். அத்தான் ஸ்லைடுகளை அடுக்கியபடி, "அது கன காலத்துத் தயாரிப்பு" என்றார். பொய் சொல்லவில்லை. உண்மையும் சொல்லவில்லை. ஆசிரியரின் மனைவி முன்வரிசையில் இருந்த அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் கூடப் போனனீங்களே? என்ன குடுத்துவைச்ச சீவியம்!"

"நாங்கள் யானை பாத்தது கந்தளாயில" என்றாள் அக்கா. அவள் குரலை உயர்த்தவில்லை. மண்டபம் அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. "அதுவும் பஸ் நிண்டபடியால்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல முன்வரிசைக்கு வந்தது. அத்தான் பிரம்பைச் சுவரோடு சாத்தினார். வீட்டுக்கு வருகிற வழியில் அத்தான் அதுபற்றி அவளை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது. ஏதாவது ஒன்று வெடித்து முடிந்திருக்கும். மறுநாள் ஹோல் சுவரில் அந்த ஆபிரிக்கப் படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. படத்தை அவர் தன் அறைக்குள் மாட்டிக்கொண்டார்.

அக்காவுக்கு வயிற்றில் நோ வந்தபோது அவளுக்கு அப்படி ஒன்றும் வயதில்லை. கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். எந்த டொக்டர் திறம், எந்த நாளில் போனால் சனம் குறைவு என்று அத்தான் விசாரிக்கத் தொடங்கினார். இந்தத் தடவை நான் பொறுக்கவில்லை. வான் ஒன்றைப் பிடித்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். கொழும்பு டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இது முந்தி வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க ஏலாத வருத்தம் என்றார். ஆகவே அந்தப் பழியை மட்டும் அத்தான் மேல் போட முடியாது. போட முடியாமல் போனது எனக்கு அப்போது ஒரு கவலையாகக்கூட இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருநாள் பின்னேரம் அக்கா நல்ல தெளிவாக இருந்தாள். அத்தான் தேத்தண்ணி வாங்க வெளியே போயிருந்தார்.

"தம்பி, அண்டைக்குக் காக்கா என்னைக் கேட்டவரல்லோ."

"ஓம்."

"நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால போயிருக்கலாம். அவர் ஏத்தி விட்டிருப்பார். பாஸ்போட்டாம், பருவமாம். கப்டன் இறக்கியே விடப்போறான்?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "எனக்கு அப்பிடி ஒரு யோசினையே வரேல்லை, பாரன். இப்பதான் வருகுது."

நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது? அந்த மாதத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளை ஊருக்குக் கொண்டுவந்து, மஞ்சள் சேலை கட்டித்தான் எடுத்தோம். அதை நான் பிடிவாதமாக நின்று செய்வித்தேன்.

வருடம் திரும்பி அக்காவின் ஆட்டத்திவசம் முடிந்து சில நாட்களில் அத்தான் என் வீட்டுக்கு வந்தார். கையில் வீட்டைப் பூட்டிய திறப்பு.

"தம்பி, நான் நாளைக்குப் புவனம் வீட்ட போறன். இதை வைச்சிரு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. மொம்பாசாவுக்கா என்று கேட்டேன். ஓம் என்றார். விமானத்தில். ஒரு சின்னப் பெட்டி மட்டும். அப்போது சித்திரை மாதம்.

"அங்க இப்ப பெருமழையெல்லோ அத்தான்?"

"கிடக்கட்டும்" என்றார்.

அவ்வளவுதான். திறப்பைத் தந்துவிட்டுப் போய்விட்டார். படலையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மனைவி, "உந்தக் கிடக்கட்டும் எண்ட சொல்லை மச்சாளுக்கு ஒருக்காச் சொல்லியிருக்கலாமே" என்று அழத் தொடங்கினாள். எனக்கு அழுகை வரவில்லை.

அவர் திரும்பி வந்து பல நாட்களுக்குப் பிறகுதான் போனேன். போகாமல் விடவும் மனம் கேட்கவில்லை. விறாந்தையில் தனியே இருந்தார். நன்றாகக் கறுத்து, மெலிந்திருந்தார். தானே குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து தந்தார். அவராகவே தொடங்கினார்.

"மழைதான். நல்ல மழை. ஆனா அதுகள் வந்ததுகள் தம்பி. ரோட்டுக் கரையிலேயே நிண்டதுகள். குறைஞ்சுதான் போச்சாம், எண்டாலும் நிண்டதுகள். செங்கல் நிறம்தான். நனைஞ்சு இன்னும் சிவப்பு."

நான் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புல்லு அவ்வளவு உயரம் இல்லை. ரோட்டும் பிழையில்லை. புவனத்தின்ர மனுசன்தான் ஜீப் விட்டது. காலமை வெளிக்கிட்டு மத்தியானத்துக்கிடையில எல்லாம் கண்டிட்டம்."

துறைமுகத்துக்குள் ஏதோ ஒரு கப்பல் ஊதியது. அத்தான் கழுத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இவ்வளவு லேசான அலுவல் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே தம்பி."

தேத்தண்ணிப் பேணியைக் கீழே வைத்தேன்.

"அக்கா சொன்னவ."

அத்தான் கதிரையில் முன்னால் சாய்ந்தார்.

"எப்ப?" என்று கேட்டார்.

அவர் நடிக்கவில்லை. என் வாயை அடைக்கவும் அப்படிக் கேட்கவில்லை. நெற்றியைச் சுருக்கி, கண்ணைத் தரையில் வைத்து, அப்படி ஒன்று எப்போது நடந்தது என்று உண்மையாகவே ஞாபகப்படுத்திப் பார்த்தார். இத்தனை வருடமாக அவருக்குச் சொல்ல வேண்டும் என்று நான் சேர்த்து வைத்திருந்த ஏச்சு எல்லாம் வாய்க்குள்ளேயே செத்துப்போனது. சொன்னதே காதில் விழாத ஒருவரை எப்படி ஏசுவது?

எழுந்து படியிறங்கினேன். படலையைச் சாத்தும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.